வீடு மாறவில்லை, தொகுதி மாறிவிட்டது: அமெரிக்க நகர மன்ற எல்லைகள் வரையப்படும் விதம்

அமெரிக்க நகரங்களில் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நடக்கிறது. அதே வீடு, அதே தெரு, அதே தபால் குறியீடு. ஆனால் தேர்தல் நாளன்று வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினால், நான்கு ஆண்டுகளாகத் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் மனு கொடுத்துவந்த கவுன்சிலரின் பெயரே அதில் இல்லை. எதிர்ச்சாரியில் குடியிருப்பவர்களுக்கு அவர்தான் இன்னமும் கவுன்சிலர். நடுவில் ஓடும் சாலைதான் புதிய எல்லை.

2025-இல் டெக்சஸ் மாநிலமும், அதற்குப் பதிலடியாகக் கலிஃபோர்னியாவும், நாடாளுமன்றத் தொகுதிகளைப் பத்தாண்டின் நடுவிலேயே மாற்றிக்கொண்டதிலிருந்து ‘தொகுதி மறுவரையறை’ என்ற சொல் செய்திகளில் ஓயாமல் அடிபடுகிறது. கூடவே குழப்பமும் வளர்ந்திருக்கிறது. வாஷிங்டனுக்கு ஆள் அனுப்பும் தொகுதி வேறு, நகர மன்றத்துக்கு ஆள் அனுப்பும் தொகுதி வேறு. இரண்டாவதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் வாடகை வீட்டு விதிகள், காவல் துறைக்கான நிதி, எந்த மனையில் எத்தனை மாடி எழுப்பலாம் என்பதெல்லாம் முடிவாவது அங்கேதான்.

## முதலில் மூன்று சொற்கள்

1. இடப் பங்கீடு. இருக்கும் இடங்களை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. நாடாளுமன்றக் கீழவையின் 435 இடங்கள், பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை வைத்து ஒரு சூத்திரத்தின்படி பிரிகின்றன. 2020 கணக்கெடுப்பில் நியூயார்க் மாநிலத்தில் மட்டும் இன்னும் 89 பேர் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால் அது ஓர் இடத்தை இழந்திருக்காது. இதில் கோடு வரையும் வேலையே இல்லை, வெறும் கணக்கு.

2. எல்லை மறுவரையறை. கையில் இருக்கும் இடங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிலத்தைத் துண்டு போடுவது. நகர மன்ற விஷயத்தில் நடப்பது இதுதான். இடங்களின் எண்ணிக்கையை நகரத்தின் சாசனமோ மாநிலச் சட்டமோ சொல்லிவிடும்: நியூயார்க்கில் 51, சிகாகோவில் 50, லாஸ் ஏஞ்சலஸில் 15. கணக்கெடுப்பு அந்த எண்ணை மாற்றாது, கோடுகளைத்தான் நகர்த்தும்.

3. பொதுவாக்கு முறை. தொகுதியே கிடையாது, நகரம் முழுவதும் சேர்ந்து எல்லா உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கும். ஒரு சமூகம் நகரத்தில் 40 விழுக்காடு இருந்தும், மற்ற 60 விழுக்காடு ஒன்றாக நின்றால் ஓர் இடம்கூடக் கிடைக்காமல் போகலாம். கலிஃபோர்னியாவில் 2002-இல் இயற்றப்பட்ட மாநில வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஏராளமான நகரங்கள் இந்த முறையைக் கைவிட்டுத் தொகுதி முறைக்கு மாறின. அதனால் எல்லைச் சண்டையே அறியாதிருந்த ஊர்களிலும் இப்போது அந்தச் சண்டை உண்டு.

## ஏன் மாற்றியே ஆக வேண்டும்?

பழைய எல்லையிலேயே ஓட்டினால் என்ன? வெகுகாலம் அப்படித்தான் ஓட்டினார்கள். டென்னசி மாநிலம் 1901-இல் பிரித்த சட்டமன்றத் தொகுதிகளை அறுபது ஆண்டுகள் தொடவே இல்லை. இடையில் கிராமத்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இடங்கள் மட்டும் கிராமத்திலேயே தங்கிவிட்டன. அதை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் ஒப்புக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில், அலபாமா பற்றிய ரேனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில், ஒரு சட்டமன்றத்தின் எல்லாத் தொகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு மக்கள் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகள், மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் அல்ல என்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் அதில் எழுதினார்.

சரி, அது மாநிலச் சட்டமன்றத்துக்கு. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொருந்துமா? அதற்கு விடை டெக்சஸின் மிட்லண்ட் மாவட்டத்திலிருந்து வந்தது. அங்கே நிர்வாக மன்றத்துக்கு நான்கு தொகுதிகள். அவற்றின் மக்கள்தொகை மதிப்பீடு 67,906, 852, 414, 828. அச்சுப் பிழை இல்லை. மிட்லண்ட் நகரம் ஏறக்குறைய மொத்தமும் ஒரே தொகுதிக்குள் அடைபட்டிருந்தது. சுற்றியிருந்த கிராமப்புறத்தில் 2,094 பேருக்கு மூன்று உறுப்பினர்கள், நகரத்தில் 67,906 பேருக்கு ஒருவர். 1968-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. பொது அதிகாரம் கொண்ட எந்த உள்ளாட்சி அமைப்பும் தொகுதி வைத்துத் தேர்தல் நடத்தினால் சம மக்கள்தொகை விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அன்றிலிருந்து சட்டம்.

நியூயார்க் நகர மன்றத்தில் இன்று 51 பேர் உட்கார்ந்திருப்பதற்கும் இந்த விதிதான் காரணம். அங்கே நகர மன்றத்துக்கு மேல், நிதியையும் நிலத்தையும் கட்டுப்படுத்திய மதிப்பீட்டு வாரியம் ஒன்று இருந்தது. அதில் ஐந்து பெரும்பகுதிகளின் தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. 22 லட்சம் பேர் வாழ்ந்த புரூக்ளினுக்கும் ஒன்று, சுமார் மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஸ்டேட்டன் தீவுக்கும் ஒன்று. 1989-இல் அதுவும் செல்லாது என்றானது. வாரியத்தையே கலைத்து, அதன் அதிகாரத்தின் பெரும்பகுதியை நகர மன்றத்துக்குக் கொடுத்து, 35 இடங்களை 51 ஆக்கினார்கள்.

## சமம் என்றால் எவ்வளவு சமம்?

கணக்கு எளிது. நகரத்தின் மக்கள்தொகையை இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது ‘இலக்கு எண்’. 2020 கணக்கெடுப்பில் சிகாகோவின் 27,46,388 பேரை 50-ஆல் வகுத்தால் வார்டுக்கு 54,928. லாஸ் ஏஞ்சலஸில் தொகுதிக்கு 2,59,916. அங்கே ஒரு கவுன்சிலரின் தொகுதியே ஒரு நடுத்தர நகரத்தின் அளவு.

எல்லாத் தொகுதியும் அந்த எண்ணைத் தொட முடியாது. அதனால் ‘விலகல்’ என்று ஓர் அளவு உண்டு. மிகப் பெரிய தொகுதிக்கும் மிகச் சிறிய தொகுதிக்கும் உள்ள வித்தியாசத்தை இலக்கு எண்ணின் விழுக்காடாகச் சொல்வார்கள். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஐந்து தொகுதிகள் என்றால் இலக்கு 20,000. பெரியது 20,900, சிறியது 19,100 என்றால் வித்தியாசம் 1,800, அதாவது 9 விழுக்காடு. மாநில, உள்ளாட்சித் தொகுதிகளில் இது 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நீதிமன்றங்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. ‘பொதுவாக’ என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படிக்க வேண்டும். ஜார்ஜியா மாநிலம் 9.98 விழுக்காட்டில் நிறுத்தி வரைந்த சட்டமன்ற வரைபடம் 2004-இல் தள்ளுபடியானது. விலகலுக்கு உருப்படியான காரணம் எதுவும் இல்லாமல், ஒரு கட்சிக்கும் சில பகுதிகளுக்கும் சாதகமாக அந்த இடைவெளியைத் திட்டமிட்டுப் பயன்படுத்தினார்கள் என்பது நீதிமன்றம் கண்ட குறை.

இந்த விழுக்காடு ஏதோ கணக்காளர்களின் கவலை என்று தோன்றலாம். நியூயார்க்கைப் பாருங்கள். மாநிலச் சட்டம் அங்கே விலகலை 5 விழுக்காட்டோடு நிறுத்துகிறது. 2020 கணக்கெடுப்பு எண்களை எந்தத் திருத்தமும் இல்லாமல் எடுத்துக்கொண்டால், 88,04,190 பேரை 51-ஆல் வகுத்து இலக்கு 1,72,631. ஸ்டேட்டன் தீவின் 4,95,747 பேரைத் தீவு எல்லைக்குள்ளேயே மூன்று தொகுதிகளாகச் சமமாகப் பிரித்தால் தொகுதிக்கு 1,65,249 பேர். இலக்கைவிட 4.3 விழுக்காடு குறைவு. அப்படியானால் நகரத்தில் வேறெந்தத் தொகுதியும் 1,73,880-ஐத் தாண்டக் கூடாது. மீதி 48 தொகுதிகளின் சராசரியே 1,73,093 வந்துவிடுகிறது. தொகுதிக்கு 800 பேருக்கும் குறைவாகத்தான் ஆடிக்கொள்ள இடம். ஒரு தீவை உடைக்காமல் வைத்துக்கொண்டதற்கு, பிராங்க்ஸின் ஏதோ ஒரு மூலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு நடுவில் பிளக்க நேரிடலாம். எல்லை மறுவரையறையில் ‘எங்கள் பகுதி மட்டும்’ என்று தனியாக ஒன்று கிடையாது. ஓரிடத்தில் இழுத்தால் இன்னோரிடத்தில் கிழியும்.

## யாரை எண்ணுவது?

எண்ணப்படுவது வாக்காளர்கள் அல்ல, மக்கள். குழந்தைகள், குடியுரிமை இல்லாதவர்கள், வேலை விசாவில் வந்து குடியிருப்பவர்கள் எல்லோரும் கணக்கில் உண்டு. வாக்காளர்களை மட்டும் வைத்துப் பிரிக்க வேண்டும் என்று டெக்சஸிலிருந்து போன வழக்கில், மொத்த மக்கள்தொகையை வைத்துப் பிரிப்பது அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதே என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் இரண்டு தொகுதிகளில் மக்கள் சமமாக இருந்தாலும் ஒன்றில் 1,20,000 வாக்காளர்களும் மற்றதில் 70,000 வாக்காளர்களும் இருக்கலாம். புதிதாகக் குடியேறியவர்கள் நிறைந்த பகுதிகளில் கவுன்சிலர்கள் மிகக் குறைந்த வாக்கில் ஜெயிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த விதியின் விசித்திரமான ஓரம் சிறைச்சாலை. கணக்கெடுப்பு நாளில் கைதி எங்கே இருக்கிறாரோ அதுவே அவர் இருப்பிடம். அயோவா மாநிலத்தில் அனமோசா என்று ஒரு சிறிய நகரம். அதன் 2-ஆம் வார்டுக்குள் மாநிலச் சிறை இருந்தது. வார்டின் மக்கள்தொகையில் 1,300-க்கும் மேற்பட்டோர் கைதிகள், அவர்களுக்கு வாக்கு கிடையாது. அவர்களைக் கழித்தால் மிஞ்சியது 60 பேர்கூட இல்லை. 2005-இல் அந்த வார்டுக்கு யாருமே மனுத் தாக்கல் செய்யவில்லை. சீட்டில் பெயரை எழுதிப் போடும் முறையில் ஒருவர் தேர்வானார், மொத்தம் இரண்டு வாக்குகளில். பக்கத்து வார்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு கவுன்சிலர், இங்கே ஒரு சந்துக்கே ஒரு கவுன்சிலர். அனமோசா பின்னர் வார்டு முறையையே விட்டுவிட்டது. நியூயார்க், மேரிலண்ட், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இப்போது எல்லை வரையும்போது கைதிகளை அவர்களின் சொந்த முகவரிக்கு மாற்றி எண்ணுகின்றன. மேலே நியூயார்க் கணக்கில் ‘எந்தத் திருத்தமும் இல்லாமல்’ என்று சொன்னது இதற்காகத்தான்.

எண்களிலும் ஓட்டை உண்டு. 2020 கணக்கெடுப்பைக் கணக்கெடுப்புத் துறையே பிறகு சரிபார்த்தது. அதன்படி ஹிஸ்பானியர்கள் 4.99 விழுக்காடும் கறுப்பினத்தவர் 3.30 விழுக்காடும் குறைவாக எண்ணப்பட்டார்கள். வெள்ளையர்கள் 1.64 விழுக்காடு கூடுதலாக. அப்புறம், தனி மனிதரை அடையாளம் காண முடியாமல் இருக்க, ‘பிளாக்’ எனப்படும் மிகச் சிறிய அலகுகளின் எண்களில் துறை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் குறைக்கிறது. மாநில மொத்தம் மாறாது. ஒரே ஒரு பிளாக்கை எடுத்து ‘இங்கே சரியாக 37 பேர்’ என்று யாராவது வாதிட்டால் மட்டும் நம்ப வேண்டாம். நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாக்குகள் உள்ளன. எல்லை வரைபவர்கள் அடுக்கும் செங்கல் அதுதான்.

## எண்ணிக்கை சமமான பிறகுதான் விளையாட்டே

‘எல்லாத் தொகுதியிலும் மக்கள் சமமாக இருக்கிறார்கள், அப்புறம் என்ன பிரச்சினை?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நகரத்தில் 15 தெருக்கள், தெருவுக்கு ஒரே அளவு மக்கள். ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு மூன்று தெரு. 15-இல் 6 தெருக்களில் சிவப்புக் கட்சிக்காரர்கள், 9-இல் நீலக் கட்சிக்காரர்கள். சிவப்பின் பங்கு 40 விழுக்காடு.

1. சிவப்புத் தெருக்களை 3, 3 எனச் சேர்த்து இரண்டு தொகுதிகளில் வைத்தால் சிவப்புக்கு 2 இடம். பங்குக்கு ஏற்ற இடம்.

2. முதல் தொகுதியில் 2, மற்ற நான்கிலும் ஒவ்வொன்று எனத் தூவினால் சிவப்புக்கு 1 இடம்தான். நான்கு தொகுதிகளில் ஒவ்வொரு சிவப்புத் தெருவும் இரண்டு நீலத் தெருக்களிடம் தோற்கும்.

3. மூன்று தொகுதிகளில் 2, 2, 2 என வைத்தால் சிவப்புக்கு 3 இடம். 40 விழுக்காடு மக்களுக்கு மன்றத்தில் பெரும்பான்மை!

மூன்றிலும் மக்கள்தொகை விலகல் பூஜ்யம். யாரும் வீடு மாறவில்லை, மனமும் மாறவில்லை. இரண்டாவது வழிக்குப் பெயர் ‘சிதறடித்தல்’. மூன்றாவதில் நீலத்துக்கு நடந்தது ‘அடைத்தல்’: நீலத் தெருக்களை மூன்று மூன்றாக இரண்டு தொகுதிகளில் திணித்து, அங்கே தேவைக்கு மேல் ஜெயிக்கவிட்டு, மற்ற இடங்களில் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார்கள். ஆதாயத்துக்காக எல்லையை வளைக்கும் எல்லா வித்தையும் இந்த இரண்டின் கலவைதான். இதற்கு அமெரிக்காவில் வழங்கும் ‘ஜெரிமாண்டரிங்’ என்ற பெயர், 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட ஒரு வரைபடத்தில் சாலமாண்டர் (பல்லி போன்ற ஓர் உயிரினம்) போல நெளிந்து கிடந்த தொகுதியால் வந்தது.

கோணலான வடிவத்தைப் பார்த்தாலே மோசடி என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆறும் மலையும் பழைய ரயில் பாதையும் நல்ல எண்ணத்தோடு வரைந்த எல்லையையும் வளைக்கும். நேர்க்கோட்டுச் சதுரத்துக்குள்ளும் சிதறடிக்கலாம். ஆனால் சில சமயம் வடிவமே வாக்குமூலம் கொடுத்துவிடும். அலபாமாவின் டஸ்கீகி நகரத்தின் எல்லை சதுரமாக இருந்தது. 1957-இல் மாநிலச் சட்டமன்றம் அதை 28 பக்கங்கள் கொண்ட உருவமாக்கியது. நகரத்தில் சுமார் 400 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள். நான்கைந்து பேரைத் தவிர எல்லோரும் புதிய எல்லைக்கு வெளியே. வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. 1960-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது.

## சட்டம் போட்ட வேலி

இந்த விளையாட்டுக்குச் சில வேலிகள் உண்டு. ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் வேலிகள்.

தொகுதி ஒரே துண்டாக, தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது எளிய விதி. கஷ்டமானது இனம் பற்றியது. 1965-இன் வாக்குரிமைச் சட்டமும் 1982-இல் அதில் வந்த திருத்தமும் சிறுபான்மையினரின் வாக்குப் பலத்தைக் கரைக்கும் வரைபடங்களுக்கு எதிராக எழுதப்பட்டவை. எப்போது கரைகிறது என்பதற்கு 1986-இல் உச்ச நீதிமன்றம் மூன்று கேள்விகளை வைத்தது. அந்தச் சமூகம் ஒரு தொகுதியில் பெரும்பான்மையாகும் அளவுக்கு நெருக்கமாக வாழ்கிறதா? ஒரே திசையில் வாக்களிக்கிறதா? மற்றவர்கள் ஒன்றுசேர்ந்து அதன் வேட்பாளரை வழக்கமாகத் தோற்கடிக்கிறார்களா? இது ஒரு பக்கம். 1993-லிருந்து இன்னொரு வரிசைத் தீர்ப்புகள், எல்லை வரைவதில் இனமே முதன்மையான காரணமாக இருக்கக் கூடாது என்றன. இனத்தைப் பார்க்காமல் விட்டாலும் வழக்கு, அதிகமாகப் பார்த்தாலும் வழக்கு. நகர வழக்கறிஞர்கள் தூக்கம் கெடுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கட்சி ஆதாயத்துக்காக வளைத்தால்? அதைத் தீர்ப்பது கூட்டாட்சி நீதிமன்றங்களின் வேலை இல்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. மாநிலச் சட்டம் தடுத்தால்தான் உண்டு. கலிஃபோர்னியா அதே ஆண்டு நகரங்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. முதலில் தொடர்ச்சி, அடுத்து அக்கம்பக்கங்களையும் ஒரே நலனைப் பகிரும் சமூகங்களையும் உடைக்காமை, பிறகு எளிதில் அடையாளம் காணக்கூடிய எல்லை, கடைசியாக வடிவ நெருக்கம் (நீண்டு நெளியாமல் கச்சிதமாக இருப்பது) என வரிசைப்படுத்தி, கட்சிக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ வரையக் கூடாது என்றும் சொன்னது. இதில் முக்கியம் வரிசைதான். எல்லா அளவுகோலும் சமம் என்று விட்டுவிட்டால், விரும்பிய முடிவை முதலில் எடுத்துக்கொண்டு அதற்குத் தோதான அளவுகோலைப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம்.

## பேனா யார் கையில்?

மக்கள்தொகை விதி ஒரு வரைபடத்தைச் சரி என்று சொல்வதில்லை. ஆயிரக்கணக்கான வரைபடங்களை ‘தப்பில்லை’ என்று விட்டுவிடுகிறது. அந்த ஆயிரத்தில் எது என்பதைப் பேனா பிடித்தவர் முடிவு செய்கிறார். வெளிவந்த வரைபடத்தைப் பார்த்துக் கோபப்படுவதைவிட, பேனா யாரிடம் போகிறது என்பதைக் கவனிப்பதே பயன் தரும் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

சிகாகோவில் பேனா கவுன்சிலர்களிடமே. தங்கள் வார்டைத் தாங்களே வரைவார்கள். 50 பேரில் 41 பேர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பொது வாக்கெடுப்புக்குப் போகும் வாய்ப்பு உண்டு என்பதால் பேரம் நீளும். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு லத்தீன் சமூக உறுப்பினர்களும் கறுப்பின உறுப்பினர்களும் மாதக்கணக்கில் மோதி, 2022 மே மாதம் 43-க்கு 7 என்ற வாக்கில் சமரசம் கண்டார்கள். 2012-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். நகர மையத்துக்குத் தெற்கே இருந்த 2-ஆம் வார்டு புதிய வரைபடத்தில் வடக்கே வேறு இடத்துக்கே பெயர்ந்துவிட்டது. அதன் உறுப்பினர் வீட்டிலேயே இருந்தார், வார்டு போய்விட்டது. அவர் பெரும்பான்மை அணியோடு ஒத்துப்போகாதவர்.

ஒரு நகரத்தின் ஆட்சியையே கோடு மாற்றிய கதையும் அங்கேதான். 1983-இல் ஹரால்ட் வாஷிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார். மன்றத்தில் 29 பேர் எதிர்ப்பு, 21 பேர் ஆதரவு. மூன்று ஆண்டுகள் எதையும் நகர்த்த முடியவில்லை. 1980 கணக்கெடுப்பை வைத்து வரைந்த வார்டு எல்லைகள் கறுப்பின, லத்தீன் வாக்குகளைக் கரைக்கின்றன என்று நீதிமன்றம் கண்டதால், 1986-இல் ஏழு வார்டுகளில் திருத்திய எல்லைகளோடு சிறப்புத் தேர்தல் நடந்தது. மேயரின் அணிக்கு நான்கு இடம் கூடியது. 25-க்கு 25. சமநிலையில் மேயரின் வாக்கு தீர்மானிக்கும். அவ்வளவுதான், மன்றம் கை மாறியது.

லாஸ் ஏஞ்சலஸில் 2021 வரை இருந்தது பாதி ஏற்பாடு. பதவியில் இருப்பவர்கள் நியமித்த 21 பேர் கொண்ட ஆலோசனைக் குழு பரிந்துரைக்கும், மன்றம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும். அந்த ஆண்டு மன்ற உறுப்பினர்கள் மூவரும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் மூடிய அறையில் எல்லைகளைப் பற்றிப் பேசியது, இனவெறிப் பேச்சுகளோடு, ஒலிப்பதிவாக 2022 அக்டோபரில் வெளியே வந்தது. மன்றத் தலைவர் நூரி மார்ட்டினஸ் சில நாள்களில் பதவி விலகினார். பேச்சில் இருந்த வசவுகளே அதிகம் பேசப்பட்டன. ஆனால் எல்லை விஷயத்தில் கவனிக்க வேண்டியது, அங்கே அடிக்கடி புழங்கும் ‘சொத்து’ என்ற சொல். ஒரு பல்கலைக்கழகமோ விமான நிலையமோ விளையாட்டு அரங்கமோ எந்தத் தொகுதிக்குள் விழுகிறது என்பது வாக்கைவிடப் பெரிய விஷயமாகலாம். கட்டுமான அனுமதிக்கும் நன்கொடைக்கும் வேலைவாய்ப்புக்கும் அந்தக் கவுன்சிலரின் கதவைத்தான் தட்டியாக வேண்டும். 2024 நவம்பரில் நகர வாக்காளர்கள் சுயேச்சையான ஆணையத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். மன்றத்துக்கு இனி அதில் கடைசிச் சொல் கிடையாது.

டெக்சஸின் ஆஸ்டின் இதை 2012-லேயே செய்துவிட்டது. 14 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையம். அரசியல் தொடர்பு உள்ளவர்களைக் கழித்துத் தகுதியானவர்களின் பட்டியல் தயாரித்து, அதிலிருந்து எட்டுப் பேரைக் குலுக்கலில் எடுக்கிறார்கள். மீதி ஆறு பேரை அந்த எட்டுப் பேரே தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க் நடுவில் நிற்கிறது: 15 பேரையும் மேயரும் மன்றத்தின் கட்சி அணிகளும் நியமிக்கிறார்கள். அப்படியிருந்தும் 2022 செப்டம்பரில் அந்த ஆணையம் தான் வரைந்த வரைவையே 8-க்கு 7 என்று தோற்கடித்தது. நியமித்தவர் சொல்படிதான் எல்லோரும் நடப்பார்கள் என்றும் சொல்லிவிட முடியாது போலிருக்கிறது.

## கோடு மாறினால் எது மாறும்?

கவுன்சிலரைத் தவிர அன்றாடத்தில் பெரிதாக எதுவும் மாறாது. தபால் குறியீடு, சொத்து வரி, பிள்ளைகள் போகும் பள்ளியின் எல்லை எதுவும் இதில் இல்லை. புதிய கோடு அடுத்த தேர்தலிலிருந்துதான் வாக்குச்சீட்டுக்கு வரும்.

கவனிக்காமல் விடப்படுவது ஒன்று உண்டு. பல நகரங்களில் பாதித் தொகுதிகளுக்கு ஒரு தேர்தல், இரண்டு ஆண்டு கழித்து மீதிப் பாதிக்கு. 2018-இல் வாக்களித்த ஒருவர் 2022-க்காகக் காத்திருக்கிறார். 2021-இல் எல்லை மாறி அவர் தெரு மற்றப் பாதியில் விழுந்தால், அடுத்த வாக்கு 2024-இல்தான். ஆறு ஆண்டு இடைவெளி. இடையில், தாம் ஒருபோதும் வாக்களிக்காத கவுன்சிலர் ஒருவர் அவருக்குக் கிடைத்துவிடுவார். எதிர்த்திசையில் மாறியவருக்கு இரண்டே ஆண்டில் வாக்கு. நியூயார்க் வேறு வழியில் சமாளிக்கிறது: புதிய எல்லை வரும்போது நான்கு ஆண்டுப் பதவிக்காலத்தை இரண்டாக உடைத்து 2021, 2023, 2025 என அடுத்தடுத்துத் தேர்தல் வைத்தது.

## நகரவாசி பேச வேண்டிய இடம்

பொதுக் கூட்டங்களில் அதிகம் கேட்கும் வாக்கியம் ‘எங்கள் பகுதியைப் பிரிக்காதீர்கள்’. வரைபவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ‘எங்கள் பகுதி’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சட்டத்தில் எழுதியிருக்காது. எந்தச் சாலையிலிருந்து எந்தச் சாலை வரை, அவர்களை ஒன்றாக்குவது எது (ஒரே பேருந்துத் தடம், ஒரே வெள்ளப் பிரச்சினை, ஒரே மொழி பேசும் வாடகைக் குடித்தனங்கள்) என்று எழுதிக் கொடுத்தால் அது பதிவாகும். நியூயார்க் குயின்ஸில் ரிச்மண்ட் ஹில் பகுதியின் தெற்காசிய, இந்தோ-கரீபியச் சமூகங்கள் தாங்கள் பல தொகுதிகளில் பிரிந்து கிடப்பதைத் தெருப் பெயர்களோடு கூட்டம் கூட்டமாகச் சொல்லிவந்தது இந்த முறையில்தான். அதே 2022 வரைபடத்தில் தெற்கு புரூக்ளினில் ஆசியர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்று உருவானது.

இன்னும் ஒரு படி இருக்கிறது, பெரும்பாலோர் அதை ஏறுவதில்லை. 5,000 பேரை உள்ளே சேர்க்கச் சொன்னால், எந்த 5,000 பேரை வெளியே விடலாம் என்றும் சொல்ல வேண்டும். ஸ்டேட்டன் தீவுக் கணக்கு எல்லா நகரத்துக்கும் உண்டு. கூட்டலோடு கழித்தலையும் கொண்டு வருபவரின் தாளைத்தான் வரைபவர் மேசையில் எடுத்து வைத்துக்கொள்வார்.

அடுத்த கணக்கெடுப்பு நாள் 2030 ஏப்ரல் 1. எல்லை வரைவதற்கான எண்கள் சட்டப்படி ஓராண்டுக்குள் மாநிலங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். சென்ற முறை கோவிட்டால் தாமதமாகி 2021 ஆகஸ்ட் 12-ஆம் தேதிதான் வந்தன. அந்தத் தாமதத்தால் பல நகரங்களில் பொது விசாரணைக்கு இருந்த மாதங்கள் வாரங்களாகச் சுருங்கின. லாஸ் ஏஞ்சலஸின் சுயேச்சை ஆணையத்துக்கு முதல் வேலை அந்த 2030 எண்கள்தான்.